பக்கத்தில் அமர்ந்தவரின் கலை



கவிதையைப் பற்றிப் பேசவேண்டிய அவையில் பியானோவைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. மேலை இசையில் கவிதையோடு பிறந்து, கவிதையோடு வாழ்ந்து, கவிதையை விட்டுப் பிரியாத பியானோ வாசிப்பு ஒன்று உண்டு. தனிக்கச்சேரி செய்து கைதட்டல் பெறும் கலைஞரின் வாசிப்பு அன்று அது. பாடகர் மேடையின் நடுவில் நிற்க, அவருக்குச் சற்றுப் பின்னே அமர்ந்து, அவருடைய மூச்சோடு மூச்சாகச் செல்லும் துணையிசைக் கலைஞரின் வாசிப்பு அது. கவிதையை வாசிப்பது என்றால் என்ன என்பதை அக்கலைஞரின் வாழ்க்கை காட்டித் தருகிறது. ஆகவே அது கவிஞர் அவைக்கு உரிய பொருளே.

நம் கச்சேரி வழக்கில் பக்கவாத்தியம் என்னும் அழகிய சொல் இருக்கிறது. ஆயினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. பாடகர் அந்நேரத்தில் விரிக்கும் கற்பனையை அந்நேரத்திலேயே பின்தொடர்வது நம் பக்கவாத்தியக் கலைஞரின் திறம். தனி ஆவர்த்தனம் என்னும் உரிமையும் மிருதங்கக் கலைஞர்க்கு உண்டு. ஐரோப்பியக் கலைப்பாடலில் துணையிசைப்பவருக்கோ இசையமைப்பாளர் எழுதிவைத்த சுரக்குறிப்பே எல்லை. ஒரு சுரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. எழுதப்பட்டதை எழுதப்பட்டவாறே வாசித்து, அதற்குள் கவிதையின் பொருளை ஒலிக்கச் செய்வதே அவர் கடமை. இவ்வகையில் அவரை உரையாசிரியரோடு ஒப்பிடுவது பொருந்தும். மூலத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாத பரிமேலழகர், மூலத்தைப் படிக்கும் கண்ணையே மாற்றிவிடவில்லையா?

இருபதாம் நூற்றாண்டில் இக்கலைக்குப் பெயர் தேடித்தந்தவர் ஜெரால்ட் மூர் என்னும் ஆங்கிலேயர். அவர் எழுதிய நூல்களுள் இரண்டின் தலைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் வாழ்வின் சாரம் புலனாகும். 1943இல் வெளிவந்த நூலின் பெயர் ‘வெட்கப்படாத துணையிசைக் கலைஞர்’ என்று பொருள்படும். 1962இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் பெயர் ‘என் வாசிப்பு ஓங்கி ஒலிக்கிறதா?’ என்னும் வினா. முதல் தலைப்பில் தன்மதிப்பு இருக்கிறது. இரண்டாவதில் அடக்கம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருவரே ஒருசேரக் காத்தமை எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

பியானோ கவிதைக்குள் நுழைந்த கதை

துணையிசைக் கலைஞருக்கு வேலை தந்தவர்கள் முதலில் கவிஞர்கள், அடுத்து இசையமைப்பாளர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பாலான ஜெர்மானியப் பாடல்களில் பியானோவுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் தாங்கலாக நிற்பதே அதன் பணி. இந்நிலையை மாற்றிய நாளாக 1814 அக்டோபர் 19ஆம் நாளை இசை வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டுவர். அன்று வியன்னா நகரில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் என்னும் பதினேழு வயது இளைஞர், கெதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தில் கிரெட்சன் என்னும் பெண் நூல் நூற்றவாறு பாடும் பாடலுக்கு இசை அமைத்தார்.

அப்பாடலில் பியானோவின் வலக்கை இராட்டைச் சக்கரமாகச் சுழல்கிறது. இடக்கை அதன் மிதிகட்டையாகத் துடிக்கிறது. பெண் தன் காதலனை நினைந்து பாடிக்கொண்டே போகிறாள். அவன் தந்த முத்தத்தின் நினைவு வந்த இடத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. இராட்டை நின்றது என்று கெதே எழுதவில்லை. அதைச் சொல்வது பியானோ மட்டுமே. பின்னர் அச்சக்கரம் ஒருமுறை அசைகிறது, நிற்கிறது. மறுமுறை அசைகிறது, நிற்கிறது. அதன்பின்னரே பழைய சுழற்சிக்கு வருகிறது. வேலையை மறந்த கை மீண்டும் வேலைக்குத் திரும்பும் தயக்கம் அது.

முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பாகுபாட்டை அறிந்த இவ்வவைக்கு இதை விளக்குவது எளிது. பெண்ணின் குரல் உரிப்பொருளைப் பாடுகிறது. பியானோ கருப்பொருளை ஏந்தி நிற்கிறது. கருப்பொருளின் வழியே உரிப்பொருள் ஆழம் பெறும்போது அங்கே உள்ளுறை போன்ற ஒன்று தோன்றுகிறது. சக்கரம் சக்கரமாக இருந்துகொண்டே அவள் நெஞ்சாகவும் ஆகிவிடுகிறது. கவிதை இயங்கும் முறை எங்கும் ஒன்றே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டு, 1815இல், அதே கெதேயின் ‘எர்ல்கோனிக்’ என்னும் கதைப்பாடலுக்கு ஷூபர்ட் இசையமைத்தார். நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு தந்தை இரவில் குதிரையில் விரைகிறான். ஆவியரசன் தன்னை அழைப்பதாக மகன் அலறுகிறான். கதை சொல்பவர், தந்தை, மகன், ஆவியரசன் ஆகிய நால்வராகவும் ஒரே பாடகர் மாறவேண்டும். பியானோவின் வலக்கையோ குதிரைக் குளம்பொலியாக ஒரே சுரத்தை மும்மூன்றாக ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மணிக்கட்டு மரத்துப்போகும் வாசிப்பு அது. ஷூபர்ட்டே, மும்மூன்றை இரண்டிரண்டாக எளிமையாக்கி இன்னொரு வடிவம் எழுதிவைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. குதிரை வீடு சேரும் இடத்தில் குளம்பொலி நிற்கிறது. குழந்தை இறந்துவிட்ட செய்தியைப் பாடகர் ஏறத்தாழத் துணையின்றியே சொல்ல நேர்கிறது. எங்கே ஒலிக்கவேண்டும் என்பதோடு எங்கே விலகவேண்டும் என்பதும் துணையிசையின் இலக்கணம் என்று அவ்விடம் கற்பிக்கிறது.

ஷூபர்ட்டின் காலத்துக்குப் பின் இவ்வுரிமை மேலும் வளர்ந்தது. 1840ஆம் ஆண்டில் ராபர்ட் ஷூமன், ஹைன்ரிக் ஹைனேயின் கவிதைகள் பதினாறைத் தொகுத்து ‘கவிஞனின் காதல்’ என்னும் பாடல் தொடரை அமைத்தார். இறுதிப் பாடலில் காதலை இழந்தவன், தன் காதலையும் துயரையும் பெரிய சவப்பெட்டியில் இட்டுக் கடலில் எறியவேண்டும் என்று கசப்போடு பாடி முடிக்கிறான். பாடகரின் வேலை அத்துடன் தீர்ந்தது. பியானோவோ தொடர்கிறது. பன்னிரண்டாம் பாடலின் முடிவில் ஒலித்த இசையை அது நினைவிலிருந்து மீட்டு வருகிறது. அப்பன்னிரண்டாம் பாடலில்தான் தோட்டத்துப் பூக்கள் அவனிடம், அவள்மேல் சினம் கொள்ளவேண்டாம் என்று மெல்ல இரந்தன. சொல் கசப்போடு முடிய, பியானோ மன்னிப்போடு முடிகிறது. அவ்விறுதிப் பகுதியின்போது பாடகர் பேசாமல் நின்று கேட்கவேண்டும். அந்நேரத்தில் துணை யார், தலைமை யார் என்று எவராலும் சொல்ல இயலாது.

கவிஞரும் துணைவரே

ஷூபர்ட் தாமே துணையிசைக் கலைஞராக வாழ்ந்தவர். அவரினும் ஏறத்தாழ முப்பது வயது மூத்த யோகான் மிக்கேல் ஃபோகல் என்னும் இசைநாடகப் பாடகர் அவர் பாடல்களைப் பாடினார்; ஷூபர்ட் உடன் வாசித்தார். 1825இல் இருவரும் மேல் ஆஸ்திரியாவின் ஊர்களில் சுற்றுப்பயணம் செய்தனர். தாமும் ஃபோகலும் அக்கணத்தில் ஒருவரே ஆகிவிடுவது போன்ற இசையை அவ்வூர் மக்கள் அதுவரை கேட்டதில்லை என்ற பொருள்பட ஷூபர்ட் தம் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றிய ஒருவர், தம் பெருமையாகக் கருதியது இவ்வொருமையையே.

இக்கலையில் கவிஞர்களுக்கு நேர்ந்ததையும் இவ்வவை அறியவேண்டும். கெதேயின் கவிதைகளுக்கு அமைத்த பாடல்களை ஷூபர்ட்டின் நண்பர் 1816இல் அப்பெருங்கவிஞருக்கு அனுப்பிவைத்தார். மறுமொழி வரவில்லை. இசை கவிதைக்கு அடங்கி நடக்கவேண்டும் என்னும் கருத்துடையவர் கெதே. 1830இல் வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் என்னும் பாடகி ‘எர்ல்கோனிக்’ பாடலைப் பாடக் கேட்டபோது அவர் மனம் நெகிழ்ந்தார். அதற்குள் ஷூபர்ட் மறைந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

வில்ஹெல்ம் முல்லரின் கதை வேறு. 1794இல் டெசாவ் நகரில் பிறந்த இக்கவிஞர், தமக்கு வாசிக்கவும் தெரியாது, பாடவும் தெரியாது என்றும், ஆயினும் தம் சொற்களுக்குள் இருக்கும் மெட்டைக் கேட்டுத் தமக்கே திருப்பித்தரும் ஒத்த உள்ளம் எங்கேனும் இருக்கக்கூடும் என்றும் இளமையில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவ்வுள்ளம் வியன்னாவில் இருந்தது. ‘அழகிய ஆலைக்காரி’, ‘குளிர்காலப் பயணம்’ என்னும் ஷூபர்ட்டின் இரு பெரும் பாடல் தொடர்களும் முல்லரின் கவிதைகளே. இருவரும் சந்தித்ததே இல்லை. 1827 செப்டம்பர் இறுதியில் முல்லர் இறந்தார்; ‘குளிர்காலப் பயணம்’ அச்சேறியது 1828இல். அதன் இரண்டாம் பகுதியின் அச்சுப்படியை ஷூபர்ட் மரணப் படுக்கையில் திருத்தினார். 1828 நவம்பர் 19ஆம் நாள் அவரும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. இன்று ‘குளிர்காலப் பயணம்’ என்றால் உலகம் ஷூபர்ட்டின் பெயரையே சொல்கிறது. சுவரொட்டியில் சிறிய எழுத்தில் அச்சாகும் பெயர் துணையிசைக் கலைஞருடையது மட்டுமன்று. கவிஞருடையதும் அவ்வாறே என்பது எண்ணத்தக்கது.

தொழிலின் நுட்பம்

துணையிசை எளிய வேலை என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. தனிக்கலைஞராக உயர இயலாதவர் இறங்கிவரும் படி என்றே பலர் அதைக் கருதினர். உண்மையில் தனிக்கலைஞருக்கு வேண்டாத திறன்கள் பல இவருக்கு வேண்டும்.

முதலாவது, மூச்சறிதல். பியானோவுக்கு மூச்சு இல்லை, பாடகருக்கு உண்டு. நீண்ட அடியின் இறுதியில் பாடகரின் மூச்சு குறைவதை அவர் தோளசைவிலிருந்தே உணர்ந்து, கேட்பவர் அறியாவண்ணம் சற்றே விரைவு கூட்டவேண்டும். அல்லது அவர் மூச்சு வாங்க இமைப்பொழுது இடம் தரவேண்டும். இரண்டாவது, ஒலியளவு. பியானோவின் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. குரலோ ஒரே சுரத்தில் வளரவும் வல்லது. தேயும் ஒலியைக் கொண்டு வளரும் ஒலியைத் தாங்குவது எவ்வளவு அரிது! அரங்கின் அளவு, பாடகரின் குரல் வன்மை, பியானோவின் மேல்மூடியை எவ்வளவு திறப்பது என்பவை யாவும் இதில் அடங்கும்.

மூன்றாவது, சுருதி மாற்றம். உயர்ந்த குரலுக்கு எழுதிய பாடலைத் தாழ்ந்த குரலுடையவர் பாட விரும்புவார். அச்சிட்ட தாள் ஒரு சுருதியில் இருக்க, கண் அதைப் பார்க்க, கை வேறொரு சுருதியில் வாசிக்கவேண்டும். நான்காவது, மொழி. சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது, எந்த மெய்யெழுத்தைப் பாடகர் அழுத்தி உச்சரிப்பார், உயிரெழுத்து எப்போது தொடங்கும் என்பவற்றை அறியாத கை, சொல்லோடு சேர்ந்து விழாது. பாடகர் மெய்யெழுத்தை முன்னதாக ஒலித்து, உயிரெழுத்தைத் தாளத்தில் வைப்பார். பியானோ அவ்வுயிரோடு சேரவேண்டும். எனவே கவிதையைப் படிக்காத துணையிசைக் கலைஞர் தம் தொழிலின் அரிச்சுவடியையே அறியாதவர் ஆவார்.

மூரின் வாழ்வு

ஜெரால்ட் மூர் 1899ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரில் பிறந்தார். 1913இல் அவர் குடும்பம் கனடாவின் டொரான்டோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மிக்கேல் ஹாம்பர்க் என்னும் ஆசிரியரிடம் பியானோ பயின்றார். 1919இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, அவ்வாசிரியரின் மகனும் புகழ்பெற்ற பியானோ கலைஞருமான மார்க் ஹாம்பர்க்கிடம் பயிற்சியைத் தொடர்ந்தார். தனிக்கலைஞராவதே அக்காலத்து இளைஞர் எவருக்கும் இலக்கு. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் தலைவராக இருந்த லாண்டன் ரொனால்டு, துணையிசையையே தொழிலாகக் கொள்ளுமாறு மூருக்கு அறிவுரை கூறினார்.

1920களின் நடுவில் ஜான் கோட்ஸ் என்னும் பாடகரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஐந்தாண்டுகள் நீடித்த அத்தொடர்பே தம்மைக் கலைஞராக்கியது என்று மூர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதற்கு முன்பு அவர் விரல்களால் வாசித்தார். கோட்ஸிடம் சொற்களைக் கேட்டு வாசிக்கக் கற்றார் எனலாம். துணைவர் சமபங்காளர் என்பதை அவருக்கு உணர்த்தியவரும் ஒரு பாடகரே என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்காலத்துக் கச்சேரி விமர்சனங்களில் துணையிசைக் கலைஞருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் கடைசி வரி. அவரும் உடன் வாசித்தார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். மூர் இதற்காகச் சினந்து பேசியவர் அல்லர். நகைச்சுவையே அவர் கருவி. சொற்பொழிவுகளில் பியானோவின் முன் அமர்ந்து, ஒரே பாடலின் முன்னிசையைத் தவறாகவும் சரியாகவும் வாசித்துக்காட்டி, கேட்போரைச் சிரிக்கவைத்து, சிரிப்பின் ஊடே நுட்பத்தைக் கற்பித்தார். கேட்கத் தெரிந்த அவையை உருவாக்கினாலன்றித் தம் கலைக்கு மதிப்பு வாராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

போரின் நடுவில்

அச்சொற்பொழிவுகளுக்கு வாய்ப்பளித்தவர் மைரா ஹெஸ் என்னும் பெண்மணி. 1890இல் பிறந்து, 1907இல் பீத்தோவனின் நான்காம் பியானோ கான்செர்ட்டோவை வாசித்து லண்டனில் அறிமுகமான இவர், தம் காலத்தின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவர். 1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் லண்டனின் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாப்புக்காக வெளியூருக்கு அனுப்பப்பட்டன. வெறுமையாக நின்ற அக்கூடத்தில், வேலைநாள்களின் நண்பகல் இடைவேளையில் இசைக்கச்சேரி நடத்த அவர் இசைவு பெற்றார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1939 அக்டோபர் 10ஆம் நாள் முதல் கச்சேரியை அவரே வாசித்துத் தொடங்கிவைத்தார். 1946 ஏப்ரல் 10 வரை ஆறரை ஆண்டுகளில் 1698 கச்சேரிகள் நடந்தன. குண்டுவீச்சுக் காலத்தில் அவை கட்டடத்தின் அடித்தளத்துக்கு இடம் மாறின, நிற்கவில்லை.

அங்கே மற்றொரு செயலும் நிகழ்ந்தது. நாஜி ஆட்சி வந்தபின் ஜெர்மனியை விட்டு லண்டனில் குடியேறியவர் எலேனா கெர்ஹார்ட் என்னும் பாடகி. போர் தொடங்கிய அதே ஆண்டில், அவ்வோவியக்கூடத்தில், ஜெர்மானிய மொழியிலேயே அவர் கலைப்பாடல்களைப் பாடினார். அருகில் அமர்ந்து துணையிசைத்தவர் மைரா ஹெஸ். பகைநாட்டின் மொழி என்று அவையோர் வெறுத்து ஒதுக்கவில்லை. தனிக்கலைஞராக உச்சியில் இருந்தவர், நாடிழந்த ஒருவர்க்குத் துணையாகப் பின்னே அமர்ந்த அச்செயலைவிடத் துணை என்னும் சொல்லுக்குச் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது.

போர் முடிந்து ஆறாண்டுகள் கழிந்தபின், 1951இல், லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் மூரைச் சந்தித்தார் ஓர் இளம் ஜெர்மானியப் பாடகர். 1925இல் பெர்லினில் பிறந்த அவர் பெயர் டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்கௌ. போரில் ஜெர்மானியப் படைவீரராக இருந்து, இத்தாலியில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டுக் கிடந்தவர். மூரோ அவரினும் இருபத்தைந்து வயதுக்கு மேல் மூத்த ஆங்கிலேயர். இருவரும் சேர்ந்து முல்லரின் ‘அழகிய ஆலைக்காரி’யை ஒலிப்பதிவு செய்தனர். ஆலையின் அருகே ஓடும் ஓடையே அத்தொடரில் பியானோவின் பாத்திரம். இளைஞனை வழிநடத்தி, அவன் மனம் திறந்து பேசும் தோழனாகி, இறுதியில் அவனைத் தன் நீரில் உறங்கவைத்துத் தாலாட்டும் ஓடை அது. ஜெர்மானியரின் குரலுக்கு ஆங்கிலேயரின் கை ஓடையாயிற்று.

அன்று தொடங்கிய நட்பு இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ‘குளிர்காலப் பயணம்’ தொடரை மட்டும் இருவரும் 1955, 1962, 1971 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பதிவு செய்தனர். அதன் கடைசிப் பாடலில், ஊருக்கு வெளியே பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு நின்று கைச்சுழல் யாழ் இசைக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். அவன் தட்டில் காசு இல்லை. அவனைக் கேட்பார் இல்லை. பியானோவின் இடக்கை இரண்டே சுரங்களை இறுதிவரை மாற்றாமல் ஒலிக்கிறது. கற்றுக்குட்டியும் வாசித்துவிடக்கூடிய சுரங்கள் அவை. அவற்றை எவ்வாறு வாசிப்பது என்று கண்டறிய ஒரு வாழ்நாள் வேண்டும். ஒரே கவிதையை மூன்று முறை பதிவு செய்ததன் காரணமும் அதுவாகவே இருக்கவேண்டும்.

விடைபெறலும் தொடர்ச்சியும்

1967 பிப்ரவரி 20ஆம் நாள் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் மூர் மேடையிலிருந்து விடைபெற்றார். எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப், விக்டோரியா தெ லோஸ் ஆங்கெலெஸ், ஃபிஷர்-டீஸ்கௌ ஆகிய மூன்று பெரும் பாடகர்கள் அவர்க்காகப் பாடினர். நடுவில் நின்று பாடும் மூவர், பக்கத்தில் அமர்பவர் ஒருவரைப் பாராட்டக் கூடியது அந்நாள். கச்சேரியின் இறுதியில் மூர் தனியே அமர்ந்து, இசைக்கு நன்றி கூறும் ஷூபர்ட்டின் பாடலொன்றைக் குரலின்றிப் பியானோவில் மட்டும் வாசித்தார். தனித்து வாசிக்கக் கிடைத்த அந்தச் சில நிமிடங்களிலும் அவர் தெரிந்தெடுத்தது பாட்டையே. அவர் மேடையை விட்டாலும் பணியை விடவில்லை. ஃபிஷர்-டீஸ்கௌவுடன் ஷூபர்ட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொகுப்பாகப் பதிவுசெய்தது அக்காலத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே. 1987இல் மூர் மறைந்தார்.

மூர் பெற்ற பெயர் இத்தொழிலில் உள்ள எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். பாடற்குழுக்களின் ஒத்திகையில், நான்கு குரல் வகைகளின் வரிகளையும் ஒருசேரப் பியானோவில் வாசித்து, பிசகியவர்க்கு அவர் வரியை எடுத்துக்கொடுப்பவர் ஒருவர் உண்டு. அரங்கேற்ற நாளில் இசைக்குழு வந்துவிடும். அவர்க்கு மேடையில் இடமில்லை. இசைநாடக அரங்குகளில் பாடகர்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பியானோ கலைஞர் நிலையும் அதுவே. அங்கிருந்து இசைக்குழு நடத்துநராக உயர்ந்தவர்களும் உண்டு. புடாபெஸ்ட் இசைநாடக அரங்கில் அவ்வேலையில் தொடங்கியவரே பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் ஷோல்டி. ஆயினும் உயர்ந்தோரைக் கொண்டே அவ்வேலையை அளப்பது சரியன்று. அங்கேயே வாழ்நாளைக் கழித்தவர்களின் பெயர்கள் எந்த மலரிலும் இல்லை. அவர்கள் கற்பித்த பாட்டு மட்டும் பலர் தொண்டையில் இருக்கிறது.

இன்று அமெரிக்க இசைக்கல்லூரிகளில் துணையிசை என்னும் பெயரை விடுத்து, கூட்டிசைப் பியானோ என்று பொருள்படும் பெயரால் இதற்குத் தனித்துறைகள் நடத்துகின்றனர். பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயரைவிடச் செயலே பெரிது என்பதற்கு மூரிடம் பயின்ற கிரகாம் ஜான்சன் சான்றாகிறார். அவர் ஷூபர்ட்டின் பாடல்கள் அனைத்தையும் 37 குறுந்தட்டுகளில் பதிவு செய்தார். பாடகர்கள் பலர் மாறிமாறி வந்தனர். பியானோவில் இருந்தவர் அவர் ஒருவரே. ஒவ்வொரு பாடலுக்கும் கவிஞர் யார், கவிதை எது, இசையமைப்பாளர் எவ்வரியை மாற்றினார் என்று விரிவாக உரையும் எழுதினார். உரையாசிரியர் என்னும் ஒப்புமை அவரிடத்தில் உவமையாக நில்லாது உண்மையே ஆயிற்று.

அத்தொகுப்பில் ‘அழகிய ஆலைக்காரி’ இடம்பெற்ற தட்டு கவிஞர்கள் கேட்கவேண்டியது. முல்லர் எழுதியவை முன்னுரை, முடிவுரை உட்பட இருபத்தைந்து கவிதைகள். ஷூபர்ட் இசையமைத்தவை இருபது. விடுபட்ட ஐந்தும் பாடகர்களின் உலகில் நெடுங்காலம் ஒலியின்றிக் கிடந்தன. ஜான்சனின் பதிவில் இருபது பாடல்களை இயன் பாஸ்ட்ரிட்ஜ் என்னும் இளம் பாடகர் பாட, விடுபட்ட ஐந்து கவிதைகளையும் ஒருவர் படிக்கிறார். படிப்பவர் ஃபிஷர்-டீஸ்கௌ. அத்தொடரைப் பாடி உலகப்புகழ் பெற்றவர், மேடையை விட்டு விலகிய முதுமையில், இளைஞர் ஒருவரின் பாட்டுக்கிடையே முல்லரின் கவிதையை வெறுங்குரலில் படித்துத் துணைநிற்கிறார். பாடாத அவ்விடங்களில் பியானோ பேசாமல் காத்திருக்கிறது. தம் சொல்லைக் கேட்டுத் திருப்பித்தரும் உள்ளம் எங்கேனும் இருக்கும் என்று நாட்குறிப்பில் நம்பிக்கை வைத்த முல்லருக்கு, கிடைத்தவர்கள் ஒருவரல்லர், பலர்.

வெட்கப்படாமல் துணைநிற்பதும், தம் ஒலி ஓங்கிவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் வினவிக்கொள்வதும் ஒருங்கே இயலும் என்பதை மூரின் வாழ்வு மெய்ப்பித்தது. முதலாவது இல்லையேல் துணை அடிமையாகிவிடும். இரண்டாவது இல்லையேல் துணையே மூலத்தை விழுங்கிவிடும். கவிதையை எழுதுவோரும், படித்துக்காட்டுவோரும், மெய்ப்புத் திருத்துவோரும், நாற்காலி போட்டுவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்து கேட்போரும் சேர்ந்தே ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்தாண்டு வயது கிட்டுகிறது. அவர்களுள் மேடையில் பெயர் சொல்லப்படாதவர்களின் பெயர்களும் இம்மலரில் ஏதேனும் ஒரு பக்கத்தில் அச்சாகவேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.